அவசரம்

பரதராமி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் நான் கணக்கு.
அறுபது டன் தாங்கும் இரும்பு,
ஒரு ஜன்னல், ஒரு மேஜை விசிறி,
சீட்டு அடிக்கும்போது திக்கும் மிஷின்.

நம்பர் பலகையை வைத்து
டிரைவரின் மொழியைச் சொல்ல முடியாது.
‘ஏம்மா’ என்று கூப்பிடுவார்கள்.
அது இரண்டிலும் உண்டு.
அடுத்த சொல் விழும்வரை
வாயைத் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு.
பேசத்தான். எழுதத் தெரியாது.
அம்மா எர்ரகட்ட என்று சொல்லச் சொல்ல
மளிகைச் சீட்டில் வெங்காயம் என்று இறக்குவேன்.
எண்ணுவதும் அப்படித்தான்: ஒகட்டி, ரெண்டு.
ரெண்டு மட்டும் ரெண்டு பக்கமும் ரெண்டு.
ஒருமுறை ‘மூடு’ என்று மூன்றைச் சொன்னேன்,
செங்கத்திலிருந்து வந்த புது லோடுமேன்
ஓடிப்போய்த் தார்ப்பாயை மூடினான்.
அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

யுகந்தர் யாதமரிக்காரன்.
பெட்ரோல் இங்கே மலிவென்று
பைக்கை எடுத்துக்கொண்டும் வருவான்,
மாங்காய்க் காலத்தில் லாரியோடு.
ஏற்றும் தோப்பில் அது கிளிமூக்கு,
இறக்கும் ஆலையில் தோத்தாபுரி,
நடுவில் என் சீட்டில் வெறும் மாங்காய்,
ஒன்பது டன் சில்லறை.
ஜன்னல் கட்டையில் இரண்டு காய் வைத்துவிட்டுப் போவான்.
உப்பும் மிளகாய்த்தூளும் டிராயரில் வைத்திருந்தேன்.

ஒரு மழை மாலை கேட்டேன்,
‘மா இண்ட்லோ செப்பனா?’
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னான்,
‘அவசரம் லேதுலே.’

சரி, அவசரமில்லை.
ஒரு பருவம் போனது, இன்னொன்றும்.
சென்னாவரத்திலிருந்து வந்த ஒரு வரனை
ஜாதகம் சரியில்லை என்று நானே அனுப்பினேன்.
அவசரமில்லை என்கிறவனை
அவசரப்படுத்துவது அழகா?

பிறகு வேலூர் ஆஸ்பத்திரி.
அம்மாவின் முழங்காலுக்கு டோக்கன் நூற்றுப் பதினேழு.
எங்களுக்கு முன்னால் பீலேருவிலிருந்து ஒரு தம்பதி,
அவருக்குப் பித்தப்பையில் கல்.
சின்ன வயது டாக்டர் வாசல்வரை வந்து
பொறுமையாகச் சொன்னார்,
‘ஆபரேஷனுக்கு அவசரம் இல்லம்மா.’

அந்த அம்மாள் முகத்தில் விளக்கு.
ஸ்கேனை உருட்டிப் பைக்குள் செருகினாள்,
போனில் யாரிடமோ
‘அவசரம் லேதண்ட’ என்று இரண்டு தடவை சொன்னாள்,
கணவர் அப்போதே பூரி கேட்டார்.

நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.
‘தொந்தர லேதன்னாடக்கா,
அவசரம் லேதனி காது.’
உடனே வேண்டாம் என்றார்,
வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை.
ஊருக்குப் போய்விடாதே,
தேதி வாங்கு.

அவள் பையைப் பிரித்தாள்.
எனக்கு வாய் மூடவில்லை.
நான் சொன்னது
கொஞ்சம் தாமதமாக என் காதுக்கு வந்தது,
பெரிய லாரி ஏறி நின்ற பிறகும்
முள் ஆடிக்கொண்டே இருக்குமே, அப்படி.

வீட்டில் நாங்களும்தான் தெலுங்கு பேசுகிறோம்.
எங்கள் அவசரம் எப்போது தமிழாகிவிட்டது?
சரித்திரம் தெரிந்தவர்கள் சொல்லலாம்.
எனக்கு இரண்டு பருவம் கணக்குத் தெரியும்.

‘ஏமாயே?’ என்றாள் அம்மா.
‘ஒண்ணுமில்ல.’
அம்மாவிடம் தமிழ் பேசியது
எப்போதென்று நினைவில்லை.
அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஆனி பிறந்து லாரி வந்தது.
‘ஏம்மா’ என்றான்.
இரண்டிலும் உள்ள சொல், பதில் தேவையில்லை.
பலகையில் எண் நின்றது,
ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.

டிரைவர் இறங்கித்தான் எடை போட வேண்டும்,
சுவரில் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது.
இத்தனை நாளும்
அவனையும் மாங்காயோடு சேர்த்தே நிறுத்திருக்கிறேன்.

‘இறங்குங்க’ என்றேன்.
ஒரு நிமிஷம் பார்த்தான்,
கதவைத் திறந்து குதித்தான்.

எழுபது கிலோ குறைந்தது.
மிஷின் திக்கித் திக்கிச்
சீட்டைத் துப்பியது.